சீட்டில் இருந்த பெயர்

குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள் இன்பம். ஊசி என்றால் வரமாட்டாளாம்.

அவள் கணவர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்.

கூடத்தில் ரத்தம் எடுக்க வந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஆறு வீடு பாக்கியாம்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் மகள் செய்த வேலை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே அம்மாவுக்கு அல்சைமர் என்று முடிவுகட்டிவிட்டாள். ரத்தத்தில் ஏதோ ஒரு புரதமாம். மூளையில் நோய் தொடங்கிவிட்டால், வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே அது ஏறிவிடுமாம்.

நாற்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாததா?

இதற்கு முன் இரண்டு தடவை மருத்துவரிடம் போனார்கள். கிழமை, மாதம், முதலமைச்சர் பெயர். எல்லாவற்றையும் ஆட்டோவிலேயே சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப்போனார். இரண்டு தடவையும் நல்ல மதிப்பெண்.

ரத்தத்துக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அவள் அடுப்பை மறந்தால் அணைக்க அவர் இருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். இதில் அறிக்கை என்ன அறிக்கை, மண்ணாங்கட்டி.

"இன்பம் யாரு சார்?"

கையிலிருந்த சீட்டைப் பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண். அதில் பெயர் மட்டும்தான் இருந்தது; ஆணா பெண்ணா என்று இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"நான்தான்."

ஊசி ஏறியது. அவருக்கு உள்ளூரச் சிரிப்புக்கூட வந்தது. இனி மகள் வாயைத் திறக்கமாட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மகளின் அழைப்பு வந்தது. குரலே சரியில்லை.

"நான் சொன்னப்ப கேட்டீங்களாப்பா? ரொம்ப ஏறியிருக்காம். இருக்கவேண்டியதைவிட மூணு மடங்கு."

எங்கேயோ தப்பு நடந்திருக்கும் என்று கத்த வாயெடுத்தார்.

நடந்த தப்பு அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அப்பா, இருக்கீங்களா? பயப்படாதீங்க. அம்மாவைப் பாத்துக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

எதிரே கட்டிலில் இன்பம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மகள்மேலும் வரவில்லை. இத்தனை நாள் இருந்த கோபத்தை யார்மேல் வைப்பதென்றே தெரியவில்லை.

"அந்தப் பொண்ணைத் திரும்ப வரச் சொல்லும்மா."

"எதுக்குப்பா?"

"ரெண்டு பேருக்கு எடுக்கணும்."