நிஜமான புருஷன் பெண்டாட்டியா?

"இது பொய்க் கல்யாணம் மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் வெளியே போய் உட்காருங்க!"

குடியேற்ற அலுவலகத்தின் அதிகாரி அம்மாள் சொன்னதும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மனைவி இந்த நாட்டுக் குடிமகள். இன்று அனுமதி கிடைக்காவிட்டால் அவள் இங்கே, அவன் கடல் தாண்டி அங்கே.

"மேடம், எங்க பதில் எல்லாமே பொருந்துதே!"

"அதுதான் சந்தேகம். தனித்தனி ரூம்ல கேட்டும் பிரஷ் கலர்ல இருந்து போர்வை கலர் வரைக்கும் ஒரு வார்த்தை மாறல. சண்டையே போட்டதில்லைன்னு வேற ரெண்டு பேரும் சொல்றீங்க! பேப்பர்ல மட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்டு நாட்டுக்குள்ள வர்றவங்கதான் இப்படி மனப்பாடம் பண்ணுவாங்க."

கல்நெஞ்சுக்காரி! மனசுக்குள் கறுவிக்கொண்டே வராந்தா பெஞ்சில் வந்து விழுந்தான்.

அவ்வளவுதான், மனைவி பிடித்துக்கொண்டாள்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? 'சண்டைன்னா சந்தேகப்படுவாங்க'ன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க!"

"மெதுவாப் பேசுடி..."

"ஏன் மெதுவாப் பேசணும்? போன வாரம்கூட அலாரத்தை அணைச்சு வச்சு என்னை வேலைக்கு லேட் ஆக்கினீங்க!"

"ராத்திரி பூரா இருமினியே, தூங்கட்டும்னு அணைச்சேன். அதுக்குப் போய் மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே!"

"அலாரத்தை அணைச்சா இருமல் நின்னுடுமா?"

அவன் குரல் உடைந்தது. "சரி, விடு. நான் போனப்புறம் இஷ்டத்துக்கு அலாரம் வச்சுக்கோ."

"வாயை மூடுங்க! உங்களைத் தனியா அனுப்பிட்டு நான் இங்கே என்ன பண்ணுவேன்? நானும் பெட்டியைக் கட்டறேன்!" அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

படாரென்று கதவு திறந்தது. அதிகாரி அம்மாள் அவனுடைய பாஸ்போர்ட்டை நீட்டினாள். உள்ளே ஈரம் காயாத அனுமதி முத்திரை!

அவன் குதித்தே விட்டான். "மேடம்! பொய்க் கல்யாணம்னு சொன்னீங்களே?"

"பொய்யா வர்றவங்களை நான் உள்ளே விடக் கூடாது. நிஜமா வாழறவங்களை வெளியே தள்ளவும் கூடாது" என்றவள், கதவைச் சாத்தப் போய், நின்றாள்.

"பயத்துல மனப்பாடம் பண்ணிட்டு வர்ற உங்களை மாதிரி ஜோடிங்களுக்காகத்தான், இந்த பெஞ்சை என் கதவை ஒட்டிப் போட்டு வச்சிருக்கேன்."