சோலைமந்தி காட்டிய மரங்கள்

மலைக்காட்டின் மேலே யோசிக்கத் தெரிந்த ஒரு டிரோன் தினமும் பறந்தது. படம் பிடித்து, தானே ஆராய்ந்து, காடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வன அலுவலகத்துக்குச் சொல்வது அதன் வேலை.

ஒருநாள் அது பாறையில் இறங்கியிருந்தபோது, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு ஒரு சோலைமந்தி அருகில் வந்தது.

"காடு எப்படி இருக்கிறதாம்?"

"மூன்று வருடமாகப் பச்சை துளிகூடக் குறையவில்லை."

"அந்தச் சரிவில் இருப்பதெல்லாம் நட்டுவைத்த தைலமரம். அதில் எங்களுக்குப் பழமும் இல்லை, தாவ வழியும் இல்லை. தரையில் இறங்கி ஓடியபோது என் தங்கையை நாய்கள் பிடித்துவிட்டன. நாளை ஓடைப்பக்கச் சோலையையும் வெட்டப் போகிறார்கள்."

டிரோனுக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கு நிறம் பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எது காடு என்று நீ காட்டு."

மந்தி முன்னால் தாவி, காட்டுப்பலா, நாவல், அத்தி என்று ஒவ்வொரு மரமாகக் காட்டியது. டிரோன் மேலிருந்து ஒவ்வொன்றின் தலையையும் மனதில் பதித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பழைய படங்களை எல்லாம் மறுபடி பார்த்தது. காடில்லாத இடத்துக்குச் சிவப்பு போட்டதில், வரைபடத்தில் பாதி மலை சிவப்பானது. "நான் இதுவரை சொன்னது தப்பு" என்று முதல் வரியிலேயே எழுதி, ஓடைப்பக்கச் சோலையை நாளை வெட்டப் போவதையும் சொல்லி, வன அலுவலகத்துக்கு அனுப்பியது.

விடிந்ததும் ரம்பங்களோடு லாரிகள் வந்தன. ஓடைப் பாலத்தில் வன அலுவலக ரேஞ்சர் அம்மா ஜீப்பைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்.

"இது காடு. வண்டியைத் திருப்புங்கள்" என்றார்.

லாரிகள் காலியாகவே மலையிறங்கிப் போயின. உச்சிக் கிளைகளில் மந்திக் கூட்டம் போட்ட கூச்சலில், டிரோனுக்குத் தன் இறக்கைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.