டப்பா மறந்த மிஸ்

"டூர் போற டீச்சர் பையில என்னென்ன இருக்கணும்னு என்கிட்ட கேளுங்க!"

ஆசிரியர் அறை மேஜையில் கணக்கு டீச்சர் கடை பரப்பினாள். பஞ்சு, பிளாஸ்திரி, வாந்தி பிடிக்கக் கவர், மாற்று உடை ரெண்டு செட், விசில், ஊசி நூல், அறுந்த செருப்புக்கு சேஃப்டி பின்.

"ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வந்துட்டீங்களே டீச்சர்!" என்றார் விளையாட்டு சார்.

"பின்னே? சில பேர் மாதிரி கலர் பென்சிலும் கையுமா வந்து நிக்கச் சொல்றீங்களா?"

சில பேர் என்றது டிராயிங் மிஸ்ஸை. அவளுக்கும் புரிந்தது. "நீங்க இருக்கறப்ப எங்களுக்கு என்ன டீச்சர் கவலை" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே கணக்கு டீச்சருக்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? தலை எண்ணுவது இவள், வாந்தி துடைப்பது இவள். பஸ் ஏறினால், "மிஸ், என் பக்கத்துல உக்காருங்க, என் பக்கத்துல!" என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வது மட்டும் அவளுக்காக. அதுகூடத் தொலையட்டும். நாலாவது படிக்கிற சொந்த மகளே இன்றைக்கு அந்த மிஸ் தோளில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்?

"இங்க வா, அம்மாகிட்ட உக்காரு."

"டூர் முடியற வரைக்கும் நீங்க அம்மா இல்ல, டீச்சர்னு நீங்கதானே சொன்னீங்க!"

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது.

அந்தக் கோபம் முழுக்க, தண்ணீர் பாட்டில் கொண்டுவராத ஒரு சிறுமி தலையில் விடிந்தது.

"ஒரு பாட்டில் எடுத்து வைக்கக் கூடவா ஆள் இல்ல? உங்கம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க? பை கட்டத் தெரியாதவங்கள்லாம் பிள்ளையை எதுக்கு டூருக்கு அனுப்பறாங்களோ! என் பொண்ணு பையை என் கையாலயே கட்டினேன். ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!"

சிறுமி உதட்டைப் பிதுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால், மகள் டிராயிங் மிஸ் காதில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். மிஸ் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பெற்றவளுக்குச் சொல்லாத ரகசியம் அப்படி என்ன வேண்டிக்கிடக்கு?

மியூசியம் பார்த்து முடித்து, மத்தியானம் பூங்காவில் எல்லாரும் டப்பாவைத் திறந்தார்கள். திடீரென்று டிராயிங் மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! என் டப்பாவை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேனே! இந்த மறதி மிஸ்ஸுக்கு யாராவது ஒரு வாய் குடுப்பீங்களா?"

அவ்வளவுதான். "மிஸ், என்னுது! மிஸ், என்னுது!" என்று மொய்த்துவிட்டார்கள். ஒரு பேப்பர் தட்டு நிமிஷத்தில் மலையாகிவிட்டது.

"அம்மாடி! இவ்ளோத்தையும் நான் ஒருத்தி எப்படிச் சாப்பிடறது? குட்டி, நீ வா, எனக்குக் கை குடு."

குட்டி என்றது இவள் மகளைத்தான். அவளும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதே தட்டில் வெளுத்துக்கட்டினாள்.

"பார்த்தீங்களா சார்? பிள்ளைங்க வாயில இருக்கறதைப் பிடுங்கித் திங்கறா."

"போன வருஷமும் இப்படித்தான் மறந்துட்டாங்க டீச்சர். பாவம், சுபாவம் அப்படி."

"மறதியாவது மண்ணாங்கட்டியாவது! பிள்ளைங்களை மயக்கற வேலை சார் இது."

கணக்கு டீச்சர் தன் டப்பாவைப் பாதியிலேயே மூடி வைத்தாள்.

சாயங்காலம் பஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றது. பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். பின் சீட்டுக்கு அடியில் உருண்ட விசிலைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள் கணக்கு டீச்சர். முன்னால் பேச்சுக் குரல் கேட்டது.

"அண்ணே, இந்த டப்பாவுல ரொட்டி அப்படியே இருக்கு, நான் தொடவே இல்லை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று டிரைவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள் டிராயிங் மிஸ்.

ஆ! டப்பா இருந்திருக்கு! நிறைய நிறைய இருந்திருக்கு!

விசிலாவது ஒண்ணாவது. நேரே ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு ஓடினாள்.

"சோத்து டப்பாவைப் பையில ஒளிச்சு வெச்சுக்கிட்டு, பிள்ளைங்ககிட்ட கை நீட்டி வாங்கித் தின்னாங்க மேடம். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"அசிங்கமா இருக்கே! நாளைக்குக் காலைல கூப்பிட்டுக் கேக்கறேன். இனிமே டூருக்கு அவங்க வேண்டாம். நீங்களே பொறுப்பா பார்த்துக்குங்க டீச்சர்."

ரொம்ப நாளாக எரிந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

தண்ணீர் குடிக்கச் சமையலறை விளக்கைப் போட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் மகளின் ரோஸ் கலர் டப்பா. மூடியது மூடியபடி, மேலே ஸ்பூனோடு. காலையில் சேஃப்டி பின் தேடுகிற அவசரத்தில் இவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஏய்... மத்தியானம் நீ என்னடி சாப்பிட்டே?"

"மிஸ் தட்டுலதாம்மா." மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"டப்பா இல்லைன்னு என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"பாட்டில் கொண்டுவரலைன்னு அந்தப் பொண்ணோட அம்மாவையே நீ அப்படித் திட்டினே. இது தெரிஞ்சா எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்கல்ல? அதான், 'எங்கம்மா மறந்துட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்'ன்னு கேட்டுக்கிட்டேன். உடனே மிஸ், 'சரி குட்டி, அப்ப நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்'னாங்க."