ஒன்பதும் ஒட்டுமா?

“ஒரு உலோக அணு ஒன்பது ஹைட்ரஜனைப் பிடிச்சு வச்சுக்குமாம்! உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, ரோகிணி.”

கே.கே. நகர் வீட்டில் கணவன் சூரியபிரகாஷின் தினசரிக் கேலி இது.

“பூமிக்கு நடுவுல இருக்கிற அம்புட்டு அழுத்தம் குடுத்தாப் பிடிக்கும்ங்க. உங்க லேப்ல ரெண்டு வைரத்துக்கு ஊடே வச்சு நசுக்கித்தான் பாருங்களேன்.”

“பாத்துருவோம். தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்.”

சிரித்தாலும் அவளுக்கு உள்ளூரப் பதற்றம். சோதனையில் நிரூபித்தால்தான் இந்தக் கணினிக் கணக்கைப் பற்றிய கட்டுரையை வெளியிடுவோம் என்று ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருந்தது.

சோதனை முடிந்த அன்று அவன் வாடிய முகத்தோடு வந்தான்.

“சேரலையா?” அவள் வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். குழாயைத் திறந்தான்.

“ஒன்பதும் ஒட்டிக்கிட்டு நிக்குது. பாத்திரம் தேய்க்கிற நார் எங்கடி?”