விழாத ஏழு

"நல்லா இருக்கற கீபோர்டை எதுக்குய்யா பிடுங்கறே?"

மார்க்ஷீட் அடிக்கும் அறையில் இருப்பது ஆறு பேர். அதில் டைப்பிஸ்ட்டம்மாதான் சீனியர். அவர் குரல் உயர்ந்தால் மற்ற ஐந்து பேரும் கப்சிப்.

ஹார்டுவேர்காரர் நிமிரவே இல்லை.

"ஆறும் ஒரே லாட்டும்மா. ஒண்ணுல ஏழு சரியா விழல. மத்ததும் மக்கர் பண்றதுக்குள்ள மாத்திடணும்."

எண்பத்தேழு மார்க் வாங்கின பெண்ணுக்கு வெறும் எட்டு என்று மார்க்ஷீட் போய்விட்டது. அதனால் வந்த வினை. பெண்ணுக்குத் திருத்தி வேறு அனுப்பியாச்சு. ஆனால் மேனேஜர் விடுவதாக இல்லை. ஆறு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால் அடித்தது யார் என்று தெரியவில்லை.

"அது எந்த மெஷின்ல அடிச்சதுன்னு பார்த்துச் சொல்லு. ஆளைச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பறேன்" என்று ஹார்டுவேர்காரரிடம்தான் சொல்லியிருந்தார்.

இவரோ கீபோர்டைக் கைகாட்டுகிறார்!

டைப்பிஸ்ட்டம்மா சும்மா விடுவாரா? நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"எல்லாம் நாடகம் சார். இவரு யாரையோ காப்பாத்தறாரு. பதினொரு வருஷமா அடிக்கறேன், எனக்கு ஏழு விழாம போனதே இல்லை. தப்புப் பண்ணவங்க வேலை போகணும் சார். அப்பதான் மத்தவங்களுக்குப் பயம் வரும்."

மேனேஜர் ஹார்டுவேர்காரரைக் கூப்பிட்டார்.

"யாருய்யா அது? பேரைச் சொல்லு."

"ஆளு இல்ல சார். கீபோர்டுதான்."

"அப்போ முன்னாடியே மாத்தாதது உன் தப்பு."

"ஆமா சார்."

கையோடு மெமோ கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "நல்லா வேணும்" என்று டைப்பிஸ்ட்டம்மா அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

பழைய கீபோர்டுகள் ஸ்டோருக்கு வந்தன. ஸ்டோர்காரர் ஒவ்வொன்றாக மாட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஆறுலயும் ஏழு ஜம்முனு விழுதே! உனக்கென்ன கிறுக்கா? யாருக்காகய்யா மெமோ வாங்கினே?"

"பாவம், அன்னைக்கு வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பிட்டு, லீவு கிடைக்காம இங்க வந்து உட்கார்ந்து அடிச்சாங்க. எந்த விரல் எங்க போச்சுன்னு அவங்களுக்கே தெரியாது."

"அதான், யாரு?"

ஹார்டுவேர்காரர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இந்த மெமோவை எனக்கு வாங்கிக் குடுத்தவங்கதான்."