கரைத்த ஆரத்தி

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தங்கள் வரிசை வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள் ஜீவராணி. கட்சித் தலைவர் அவள் கணவன் பிரதாப்புக்குத் தருவதாகச் சொல்லியிருந்த தேசியப்பட்டியல் எம்.பி. பதவி வேறொருவருக்குப் போய்விட்டதென்று கைப்பேசிச் செய்தி இப்போதுதான் சொல்லி முடித்தது. விரித்து வைத்த பட்டாசுச் சரம் பனிமூட்டத்தில் நனைந்துகொண்டிருக்கிறது. கொழுந்துக் கூடையை இறக்காமலே பக்கத்து வீட்டு நாகலெட்சுமி கேட்கிறாள், "வேணும்னா நாங்க இன்னொருக்கா ஓட்டுப் போடுறோமே தம்பி?" "இதுக்கு ஓட்டே இல்லக்கா. மேல இருக்கிறவங்க பேரு எழுதுறதுதான்," என்கிறான் பிரதாப், புது வேட்டியின் நுனியைச் சேற்றில் படாமல் பிடித்தபடி. தட்டின் சிவப்பு நீர் நடுவே, வெற்றிலை மேல் கற்பூரச் சுடர் நடுங்குகிறது. "கரைச்ச ஆரத்திய சுத்தாம கொட்டக் கூடாது," என்கிறாள் நாகலெட்சுமி. ஜீவராணி தட்டை அவன் முகத்துக்கு நேரே உயர்த்துகிறாள். இத்தனை காலமும் தலைவர்களுக்குப் பின்னால் நின்றே பழகியவன், தலைவர் யாரோ வருவதுபோல் சட்டென்று ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறான்.