மூன்றாம் இயலில் வாத்து இல்லை

"இதுல எதை எதோட ஒப்பிட்டீங்கம்மா?"

அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அது.

மதுரையிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அருளானந்துவின் விரல், அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயல் மேல் இருந்தது. ஆய்வு முறை என்று தலைப்பு. 'விளக்க முறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகியன இவ்வாய்வில் கையாளப்பட்டுள்ளன' என்று முதல் வரி.

அந்த வரியை அவள் எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை. துறையில் முன்பு பட்டம் வாங்கியவரின் ஆய்வேட்டிலிருந்து அடுத்தவர் எடுத்துக்கொள்வார். நூலகத்தில் எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் அந்த வரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

இதுவரை எவரும் அதைப் படித்ததில்லை. இந்த மனிதர் படித்துத் தொலைத்திருக்கிறார்.

எதையும் எதோடும் அவள் ஒப்பிடவில்லை.

பட்டம் வந்தால்தான் கல்லூரி வேலை நிரந்தரம். திருத்தி எழுது என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு வருடம் போய்விடும். கடைசி வரிசையில் அவள் கணவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

நெறியாளர் மங்கையர்க்கரசி கைக்குட்டையைப் பிசைந்தார். அந்த இயலுக்குச் 'சிறப்பு' என்று குறிப்பு எழுதியவர் அவர்தான்.

அருளானந்து கண்ணாடியைக் கழற்றினார். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களைப் பற்றிய ஆய்வு. நாலாம் இயலில் வாத்து, ஐந்தாம் இயலில் வாத்து, மூன்றில் மட்டும் ஒரு வாத்துகூட இல்லையே என்று வருத்தப்பட்டார்.

"மெத்தட்ங்கறதை விடுங்க. என்ன செஞ்சீங்க?"

மனப்பாடம் செய்திருந்த அழகான வாக்கியங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டன.

"பின்னாலயே போனேன் சார்."

யாரோ சிரித்தார்கள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிட்டாள்.

முதலில் வினாத்தாளோடுதான் போனாள். வாத்து மேய்க்கும் தாமோதரன் பதில் சொல்ல நிற்கவே இல்லை. வாத்து நிற்காதபோது அவர் எப்படி நிற்பார்? குறுக்கே போய் மறித்தாள். கூட்டம் மிரண்டு வாய்க்காலுக்குள் சிதறியது. அவர் மனைவி அஞ்சலை திட்டியதை ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. திட்டி முடித்துவிட்டு, முன்னால் நிற்காதே, பின்னால் வா என்றாள்.

போனாள்.

இவள் கேட்பதை நிறுத்தியதும் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

நொண்டும் வாத்தை யார் தூக்குகிறார்கள், எந்த வயல்காரரைக் கண்டால் தாமோதரன் குரல் தணிகிறது, அஞ்சலை எந்தத் திருப்பத்தில் பாடுகிறாள். எல்லாம் பின்னால் நடந்தபோதுதான் தெரிந்தது. சொல்லச் சொல்ல அவள் கைகள் தாமாக வாத்து ஓட்டின. பயம் போன இடம் தெரியவில்லை. அந்த வயல்களை நினைத்தாலே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதற்கு எந்த முறை என்று பெயர் வைப்பது எனத் தெரியாமல்தான் அந்த வரியை எடுத்துப் போட்டதாகச் சொல்லி முடித்தாள்.

அருளானந்து ஆய்வேட்டை மூடினார். மங்கையர்க்கரசி கண்களை மூடினார்.

"மெத்தட் கிரேக்கத்துலேருந்து வந்த சொல்லும்மா. மெத்தான்னா பின்னால. ஹொதோஸ்னா பாதை. ஒண்ணைத் தேடி, அது போற பாதையில பின்னாலயே போறதுதான் மெத்தட். எல்லாரும் இங்க வந்து அதை விளக்குவாங்க. செஞ்சவங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த முதல் வரியை அடித்துவிட்டு, இப்போது சொன்னதை அப்படியே அங்கே எழுதச் சொன்னார். திட்டு உட்பட.

முடிவை மட்டும் சொல்லவில்லை. ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டு நெறியாளரிடம் நீட்டினார்.

தேர்வு முடிந்ததும் சாப்பாடு. ஏற்பாடு ஆய்வாளருடையது. எல்லோரும் எழுந்தார்கள். பேராசிரியர்கள் போகட்டும் என்று அவள் வாசலில் ஒதுங்கி நின்றாள். அப்படித்தான் நிற்க வேண்டும்.

அருளானந்துவும் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் துறை முழுவதும் நின்றது.

"நீங்க முன்னால போங்க, டாக்டர்."

ஒரு கணம், சாப்பாட்டு அறை எந்தப் பக்கம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.